தரையில் உட்கார்ந்தவர்

அமெரிக்கக் கால்பந்தில் பந்தை எறிய ஒருவர், ஓடிப்போய்ப் பிடிக்க ஒருவர். லெராய் கேம்பல் பிடிக்கிறவர். தலைக்கு மேல் போகிற பந்தைக்கூட எட்டிப் பறித்துவிடுவார் என்று அந்தக் காலத்தில் பெயர். ஆட்டத்தை விட்டு வெகு வருஷமாகிவிட்டது. போன வாரம் கையிலிருந்த காப்பிக் கோப்பை நழுவியது. காலில் சுட்ட பிறகுதான் அவருக்கே தெரிந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

இன்று மகள் யோலண்டா கைக்குழந்தையோடு வந்தாள். "பிடிங்கப்பா, உங்க பேரன்" என்று நீட்டினாள். அவர் சட்டென்று தரையில் உட்கார்ந்துகொண்டார்.

"சோபா இருக்கே, எதுக்குக் கீழ?"

"இங்கேயே கொடும்மா."

அவள் சிரித்துக்கொண்டே குனிந்து பிள்ளையை அவர் கைகளில் வைத்தாள். உள்ளங்கையில் சூடும் தெரியவில்லை, கனமும் தெரியவில்லை. விரல்கள் மடங்கியிருப்பதைக் கண்ணால் பார்த்துத்தான் அறிந்தார். பார்வையை எடுத்தால் அவை என்ன செய்யுமோ!

"முகத்தைப் பாருங்கப்பா. அப்படியே உங்க ஜாடை."

"ம்" என்றார், விரல்களைப் பார்த்தபடியே.

"வச்சிருங்க, கார்லேருந்து பையை எடுத்துட்டு வந்துடறேன்."

பிள்ளை நெளிந்து காலை உதைத்தது.

"யோலண்டா, போகாதே" என்றார். அதற்குள் வாசல் கதவு சாத்திக்கொண்டது.