இரண்டு பேருந்துக்கு ஓரிடம்

கண்ணாடி தேய்க்கும் வேலையில் நாளைக்குச் சேர வேண்டியவள், நேரத்துக்குப் போய்ச் சேர முடிகிறதா என்று இன்றைக்கே ஒருமுறை போய்ப் பார்க்கக் கிளம்பியிருக்கிறாள். மூக்குக்கண்ணாடிப் பட்டறை நகரத்தின் மறுகோடியில் இருக்கிறது. காலை மணி அடித்ததும் கதவைச் சாத்திவிடுவார்கள். வீட்டருகே ஏறும் முதல் பேருந்து பாதி தூரம்தான் வரும். நடுவிலுள்ள நிலையத்தில் இறங்கி, பட்டறைப் பக்கம் போகும் பேருந்துக்கு மாற வேண்டும். இதோ, அந்த நிலையத்தின் வாசலில் அவளுடைய பேருந்து உறுமிக்கொண்டு நிற்கிறது. உள்ளே பட்டறைப் பேருந்தின் பின்கண்ணாடியில் இளவெயில் மினுங்குகிறது. சாப்பாட்டுப் பையை இடுப்போடு அணைத்தபடி அவள் படிக்கட்டுக்கே வந்துவிட்டாள்.

“உள்ள போகச் சொல்லுங்கண்ணே, அந்த வண்டியப் புடிக்கணும்.”

“எங்கம்மா போறது? இருக்கறது ஒரே இடம். அவன் கிளம்பினாத்தான் நாம நுழைய முடியும்,” என்கிறார் நடத்துனர். “தினமும் இதே கூத்துதான்.”

“அப்ப இங்கயே இறக்கி விட்டுடுங்க.”

“வாசல்ல கதவத் திறந்தா நாளைக்கு நான் வேற வேலை தேட வேண்டியதுதான். அடுத்ததுல போங்க.”

“நாளைக்கு வேலைக்குச் சேரணும்ணே, அடுத்ததுல போனா பட்டறைக் கதவச் சாத்திடுவாங்க.”

அவர் விசிலை வாயில் வைக்கிறார். பட்டறைப் பேருந்து வெளியே வருகிறது. இரண்டும் உரசிவிடும் நெருக்கத்தில் கடக்கின்றன. கையை நீட்டினால் தொட்டுவிடலாம். ஜன்னலோர இருக்கை ஒன்று வெயிலை மட்டும் ஏற்றிக்கொண்டு காலியாகப் போகிறது.