கண்டுபிடித்தவர் பெயர்

தூங்கினால் எல்லாம் மறந்துபோகும். எழுந்ததும் யாராவது ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தால்தான் வேலை செய்யும். அது என்ன, சொல்லுங்கள் பார்க்கலாம்?

கம்ப்யூட்டரில் படம் காட்டும் சிப். அதற்குள் ரிஜிஸ்டர் என்று, எண்கள் வைக்கும் குட்டிக் குட்டிப் பெட்டிகள் உண்டு. கம்ப்யூட்டர் தூங்கினால் அவை காலியாகிவிடும். அதற்கு முன்பே எண்களைக் குறித்துக்கொண்டு, எழுந்ததும் திரும்ப நிரப்பும் புரோகிராமுக்கு டிரைவர் என்று பெயர். இரும்புலியூர் சாராளுக்கு அதை எழுதுவதுதான் வேலை.

ஆறு மாத உழைப்பு. சாயங்காலம் நாலு மணிக்கு வாடிக்கையாளருக்குக் காட்ட வேண்டும். சொதப்பினால் புராஜெக்ட் வேறு டீமுக்குப் போய்விடும்.

சமையலை முடித்துவிட்டு வந்தவள், சாப்பாட்டு மேஜையில் லேப்டாப் மூடிக் கிடப்பதைப் பார்த்தாள். திறந்தாள். திரை முழுக்க வரிக்குதிரை மாதிரி கோடுகள்.

"ஐயோ! யார் இதை மூடினது?"

மேஜையில் படம் வரைந்துகொண்டிருந்த மூன்றாம் வகுப்பு ஜென்சி நிமிரவில்லை.

"எத்தனை தடவை சொல்றது, அம்மா மெஷின்ல கை வைக்காதேன்னு?" சோபாவிலிருந்து அதட்டினார் லாசரஸ். சாராளின் கணவர், பள்ளிக்கூட வாத்தியார், காலாண்டு லீவு.

"இன்னிக்குப் பார்த்துதான் விளையாடணுமாடி? வாயைத் திற!" என்றாள் சாராள்.

ஜென்சி பச்சை ஸ்கெட்ச் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உள்ளே போ. நாலு மணி வரைக்கும் இந்தப் பக்கமே வரக்கூடாது."

போனாள். அடுத்த நிமிஷம் மேனேஜர் சுந்தர்சிங்கின் போன்.

"என்ன மேடம், ரெடியா?"

"கோடு கோடா வருது சார். என் பொண்ணு மூடி வெச்சுட்டா."

"லேப்டாப்னா மூடத்தானே செய்வாங்க? வாங்கறவங்க வீட்டுக்கெல்லாம் போய் 'மூடாதீங்க'ன்னு சொல்லப்போறீங்களா?"

சாராளுக்குச் சுருக்கென்றது. இத்தனை நாளும் தூங்கவைத்து, அடுத்த நொடியே எழுப்பித்தான் சோதித்திருந்தாள். அதற்குள் பெட்டிகள் காலியாகாது. இன்று அரை மணி நேரம் மூடிக் கிடந்ததில் குட்டு வெளிப்பட்டுவிட்டது.

மெஷினை அணைத்துப் போட்டு, வரி வரியாகத் தேடினாள். இரண்டு மணிக்கு அகப்பட்டது.

பெட்டிகளில் ஒன்று, மற்றவற்றுக்கெல்லாம் பூட்டு. பூட்டிவிட்டால் மற்ற பெட்டிகள் எண்ணை வாங்காது. வாங்கவில்லை என்று சொல்லவும் சொல்லாது. அவளுடைய பட்டியலில் பூட்டுதான் முதல் வரி. வரிசை மாறாமல் நிரப்புகிறேன் என்று, முதலில் பூட்டிவிட்டு, அப்புறம் பூட்டிய பெட்டிகளில் எண்ணைப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்!

பூட்டைக் கடைசிக்குத் தள்ளினாள். மூடினாள். அரை மணி காத்திருந்தாள். திறந்தாள்.

திரை பளிச்சென்று இருந்தது.

நாலு மணிக்கு, போனில் வந்த வீடியோ காலில், "மூடிட்டு ஒரு டீ குடிச்சிட்டு வரலாமா?" என்றார் வாடிக்கையாளர். "தாராளமா சார்" என்றாள் சாராள். திரும்பி வந்து திறந்தால், விட்ட இடத்தில் விட்ட படம்! வீடியோவில் எல்லாரும் கை தட்டினார்கள்.

"ஜெயிச்சுட்டீங்க மேடம்! அந்தத் தப்பைக் கண்டுபிடிச்சவங்க பேரைத் திருத்தத்தோட குறிப்புல போட்டு அனுப்புங்க" என்றார் சுந்தர்சிங்.

அந்தத் தொழிலில் அது வழக்கம். திருத்தம் இருக்கும் வரை அந்தப் பெயரும் கூடவே இருக்கும்.

சாராள் ஓடிப்போய் மகளைக் கட்டிக்கொண்டாள்.

"சாரிடா கண்ணு! நீ மட்டும் அதை மூடாம இருந்திருந்தா அம்மா இன்னிக்கு மாட்டியிருப்பேன். உன் பேர் உலகம் பூராப் போகப்போகுது. ஜென்சின்னு போடட்டுமா, ஜென்சி லாசரஸ்னு போடட்டுமா?"

"பின்னே, யார் பொண்ணு!" என்றார் லாசரஸ், டீயை உறிஞ்சியபடி.

ஜென்சி கொஞ்சம் யோசித்தாள். தன் பெயரை எடுத்துவிட்டு, காலையில் லேப்டாப்பை மூடிய அப்பாவின் பெயரை மட்டும் போடச் சொன்னாள்.