மத்தியான விருந்தாளி

"வந்துட்டா பாரு, டாண்ணு சோத்து நேரத்துக்கு!"

பக்கத்து வீட்டுக்காரிகிட்டச் சொன்னேன். எனக்குப் பத்திக்கிட்டு வந்தது. மத்தியான லுஹர் தொழுகை முடிஞ்சதும் இனாக் மஹ்யூன் என் தங்கச்சி வீட்டு வாசல் பெருகாக்ல ஏறி உட்கார்ந்துடுவா. அது திறந்த பந்தல்தான்: ஆறு கால், மேலே புல் கூரை, சுவரே கிடையாது. அவ சாப்பிடுறதை ஊரே பார்க்கும்.

எங்க ஊர்ல பெத்தவங்களைப் பிள்ளை பேராலதான் கூப்பிடுவோம்; இனாக்னா அம்மா, அமாக்னா அப்பா. அவ மகன் மஹ்யூன் செத்து நாற்பது நாள்கூட ஆகல. அவனை மலேசியாவுக்குத் தோட்ட வேலைக்கு அனுப்பி வெச்சது என் தங்கச்சி புருஷன் அமாக் சஹ்ரிதான். மூணாவது மாசம் பெட்டியில திரும்பி வந்தான் பையன்.

பெருகாக்ல வந்து உட்கார்ந்தவங்க யாரா இருந்தாலும் சோறு வெக்கணும். வெச்சாப் போதுமா? வீட்டுக்காரனும் அதே தாம்பாளத்துல கை வெச்சுச் சாப்பிடணும். விருந்தாளியைத் தனியா சாப்பிட விட்டா மானமே போச்சு.

என் தங்கச்சி இருக்காளே, மக்கு! வாயே திறக்காம சோறும் கீரையும் கொண்டு வந்து வெப்பா. அவரும் குனிஞ்ச தலை நிமிராம எதிர்ல உட்காருவாரு. மனுஷன் எலும்பும் தோலுமா ஆயிட்டாரு.

"தினமும் கண்ணெதிர்ல உட்கார்ந்தே ஆளைக் கொல்றாடி" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

மறுநாள் தெருவுலயே மறிச்சுட்டேன்.

"ஏன் இனாக், உனக்கு வெக்கமா இல்ல? பெத்த பிள்ளைய வாரிக் கொடுத்துட்டு, அதே வீட்டுச் சோறு எப்படி இறங்குது?"

அவ என்னைத் தாண்டிப் போகப் பார்த்தா.

"பழி வாங்கணும்னா நாலு வார்த்தை திட்டிட்டுப் போ. இப்படித் தினமும் வந்து உட்கார்ந்தா அந்த மனுஷன் செத்தே போயிடுவாரு!"

"பெட்டி வந்த நாள்லேருந்து அவரு சோத்தைத் தொடலையாம். அஞ்சாம் நாள் உன் தங்கச்சி வந்து என் காலைப் பிடிச்சு அழுதா."

மறிச்சிருந்த என் கையை அவ விலக்கினா.

"எனக்கும்தான் இறங்கல. ஆனா நான் ஒரு வாய் வெச்சாத்தானே அவரும் ஒரு வாய் வெப்பாரு? வழியை விடு, நேரமாச்சு."