ஆறாம் நம்பர்

"அவளை வெளியே அனுப்புங்கய்யா!" செல்வராஜ் எழுந்து நின்று கத்தினார். மைதானத்தில் அவருடைய மகள் வான்மதி கணுக்காலைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். தள்ளிவிட்ட எதிரணியின் ஆறாம் நம்பர் பெண், நடுவரிடம் கையை விரித்து வாதாடிக்கொண்டிருந்தாள்.

டெக்சாஸில் கல்லூரிப் பெண்கள் சாக்கர், கான்ஃபரன்ஸ் எனும் வட்டாரப் போட்டியின் இறுதி ஆட்டம். அணிக்கொரு கோல், பாக்கி பன்னிரண்டு நிமிடம். வென்றால் வான்மதியின் அணி தேசியப் போட்டிக்குப் போகும்.

"ஆரம்பத்துல இருந்தே இவளைத்தான் குறி வெக்கறா, பாத்தீங்களா முகுந்த்?"

முகுந்த், செல்வராஜ் குடும்பம் இருக்கும் பேர்லேண்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர். ஆட்டம் பார்க்க அவர்கள் காரிலேயே கூட வந்திருந்தார்.

"டிஃபெண்டர் வேற என்ன சார் பண்ணுவா? டேக்கிள் பண்ணத்தான் செய்வா. ஆனா நம்ம ஊர் ஜாடையா இருக்கே. யாரு சார் அது?"

"எவளோ! பெரியவங்க பேச்சை மதிக்காத ஜென்மம். பாத்தாலே தெரியலை?"

"ஏனுங்க, மெதுவாப் பேசுங்க" என்றாள் மனைவி வசந்தாமணி.

"நீ வாயை மூடு. புள்ளை கால் ஒடிஞ்சாலும் மெதுவாத்தான் பேசோணுமா?"

வான்மதி எழுந்துவிட்டாள். மூன்றே நிமிடத்தில் மறுபடி பந்தோடு பாய்ந்தாள். ஆறாம் நம்பர் குறுக்கே விழுந்து மறிக்க, இருவரும் உருண்டார்கள்.

முதலில் எழுந்தது வான்மதிதான். வசந்தாமணி நெஞ்சில் கைவைத்தபடி, இன்னும் கீழே கிடந்தவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நடுவர் சிவப்பு அட்டையை உயர்த்தினார்.

"அப்படிப் போடு!" செல்வராஜ் பலமாகக் கைதட்டினார். "பெத்தவன் மூஞ்சில கரியைப் பூசிட்டுப் போறா பாருங்க. இதெல்லாம் ஒரு வளர்ப்பு!"

ஆறாம் நம்பர் தலை நிமிர்ந்து, நொண்டிக்கொண்டே வெளியேறினாள். ஒலிபெருக்கியில் ஓர் அமெரிக்கக் குரல் பெயரைத் தடுக்கித் தடுக்கிப் படித்தது.

"நம்பர் சிக்ஸ்... பாவலம்... செல்வராஜ்."

முகுந்த் மெல்லத் திரும்பிப் பார்த்தார். செல்வராஜின் கைதட்டல் பாதியில் நின்றது.

வசந்தாமணி எழுந்து படியிறங்கத் தொடங்கினாள்.

"எங்கடி போறே?"

"வேற ஊர் காலேஜுக்குப் போனாள்னு நம்ம பெரியவளை நீங்க தலைமுழுகிட்டீங்க" என்றாள் அவள், திரும்பாமலே. "அவ உங்க பேரைத் தலைமுழுகலீங்க."