பயிற்சிக்கு வந்தவள்

“இந்தப் பெயர்ப் பலகைய யார் இடம் மாத்தினது?”

காலை ஏழே முக்கால். நீர்வளப் பன்னாட்டு மாநாட்டின் கடைசி நாள். எல்லா நாட்டுப் பிரதிநிதிகளும் ஒரே மேசையில் உட்காரும் அமர்வு அன்றைக்குத்தான். அரங்கின் நீள மேசைக்கு அந்தப் பக்கம் ஒருங்கிணைப்பாளர் இடுப்பில் கை வைத்து நின்றார்.

“நான்தான் சார்,” என்றாள் அவள்.

“அகர வரிசைப்படி வைக்கணும்னு சொன்னேனா இல்லையா?”

“சொன்னீங்க. அப்படி வச்சா அந்த ரெண்டு நாட்டுக்காரங்களும் பக்கத்துல பக்கத்துல வந்துடுறாங்க. அவங்களுக்குள்ள ஆத்துத் தண்ணித் தகராறு. உட்கார மாட்டாங்க.”

“அதெல்லாம் யார் சொன்னா?”

“பழைய ஃபைல்ல இருக்கு சார்.”

“ஃபைல் படிக்கவா இங்க வந்தீங்க? இன்டர்ன் வேலைய மட்டும் பாருங்க. பழையபடி எடுத்து வைங்க.”

எடுத்து வைத்தாள்.

தண்ணீர் பாட்டில்களை அடுக்கிக்கொண்டிருந்த கண்ணாடிக்காரன் மெல்ல நகர்ந்து வந்தான். ஆறு பயிற்சி மாணவர்களில் அவன்தான் வாயாடி.

“முதல் பெஞ்சுக்கே திட்டா? அப்ப எங்க கதி?”

முதல் வாரமே அவர்கள் அவளுக்கு வைத்த பெயர் அது. சொல்லும் முன்பே செய்துவிடுவாள். யாருடைய விமானம் எத்தனை மணிக்கு, யாரால் மாடிப்படி ஏற முடியாது, யாருக்கு எந்த மொழிபெயர்ப்பாளர், எல்லாம் விரல் நுனியில். “ஆறு பேர்ல நல்லா செய்ற ஒருத்தருக்கு இங்கயே நிரந்தர வேலை கிடைக்கலாம்” என்று ஒருங்கிணைப்பாளர் முதல் நாள் சொன்னதை மற்ற ஐந்து பேரும் காற்றில் விட்டுவிட்டார்கள். சான்றிதழ் போதும் அவர்களுக்கு. அவள் பிடித்துக்கொண்டாள். இரண்டு மாதமாக அதைப் பிடித்துக்கொண்டுதான் தினமும் வந்தாள்.

“கவலைப்படாதீங்க. வேலை உங்களுக்குத்தான்னு நாங்க எப்பவோ முடிவு பண்ணிட்டோம்.”

“உன் வாய் முகூர்த்தம் பலிக்கட்டும்.”

“பலிச்சா எங்களுக்கு என்ன செய்வீங்க?”

“அடுத்த வருஷம் உன்னைய இந்தக் கட்டடத்துக்குள்ளயே விடமாட்டேன்.”

கைப்பேசி அதிர்ந்தது. தம்பி.

“அக்கா, என்ன சேதி?”

“சாயந்திரம்தான்டா தெரியும்.”

“நல்லா வேலை வாங்கிட்டு டாட்டா காட்டப்போறாங்க. இன்டர்ன்ஷிப் வேணும்னு போய் காலேஜ்ல சேர்ந்தவ உலகத்துலயே நீ ஒருத்திதான்.”

“வை போனை.”

ஒன்பதரைக்கு அவள் சொன்னது நடந்தது. இரண்டு பிரதிநிதிகளில் உயரமானவர் பக்கத்துப் பலகையைப் படித்தார். கைப்பையைக் கீழே வைக்கவில்லை. வாசலைப் பார்த்துத் திரும்பினார். அவரோடு வந்த நான்கு பேரும் திரும்பினார்கள். ஒருங்கிணைப்பாளர் முகத்தில் ஈயாடவில்லை.

அவள் யாரையும் கேட்கவில்லை. ஓரத்தில் கிடந்த மொழிபெயர்ப்பாளரின் சின்ன மேசையை இழுத்து வந்து இரண்டு நாற்காலிகளுக்கும் நடுவில் போட்டாள். மொழிபெயர்ப்பாளரையும் கையோடு கொண்டுவந்து உட்காரவைத்தாள். பிறகு உயரமானவரின் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துப் பிடித்தபடி நின்றாள். அவர் மேசையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். உட்கார்ந்தார்.

மேடையிலிருந்து எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டிருந்த இயக்குநர் இறங்கி வந்து ஒருங்கிணைப்பாளரின் தோளில் தட்டினார்.

“நல்லா சமாளிச்சீங்க.”

“தேங்க்ஸ் சார்,” என்றார் ஒருங்கிணைப்பாளர்.

இயக்குநர் அவள் பக்கம் திரும்பவில்லை. இந்த இரண்டு மாதமும் திரும்பியதில்லை.

மாலையில் கொடிகளை இறக்கி மடித்துக்கொண்டிருந்தபோது இயக்குநர் அறையிலிருந்து அவளுக்கு அழைப்பு வந்தது. கண்ணாடிக்காரன் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான்.

இயக்குநர் மேசைமேல் இருந்த சான்றிதழை அவள் பக்கம் நகர்த்தினார்.

“ரொம்ப நல்லா செஞ்சீங்க.”

“வேலை விஷயம், சார்?”

“உங்க ஒருங்கிணைப்பாளர் போன வருஷம் வந்தவர். தெரியாம வாயை விட்டுட்டார். பயிற்சிக்கு வந்தவங்களை வேலைக்கு எடுக்கக் கூடாது. விதி.”

“விதி தெரியும். ஒரு தடவை தளர்த்தக் கூடாதா? காலைல நடந்தத நீங்களே பார்த்தீங்க.”

“பார்த்தேன். மேலயும் பேசினேன்.”

“என்ன சொன்னாங்க?”

“அந்தப் பழைய குறிப்பையே எடுத்து முன்னால போட்டாங்க. கோடையில மாணவர்களை வச்சே மாநாட்டை நடத்திடலாம், பிற்பாடு அவங்கள்ல யாருக்கும் வேலை தர வேண்டியதில்லைன்னு அதுல தெளிவா இருக்கு. ஆறு பேர் சும்மா வர்றப்ப, சம்பளம் குடுத்து ஒரு ஆள் எதுக்குங்கறாங்க.”

“அந்தக் குறிப்பு எழுதினது அதுக்காக இல்ல,” என்றாள் அவள்.

இயக்குநர் முதல் தடவையாக அவளை நேராகப் பார்த்தார்.

“எதுக்காக எழுதினதோ, அதைக் காட்டித்தானே பதினெட்டு வருஷம் நீங்க இங்க பார்த்த மாநாட்டு அதிகாரி வேலையவே எடுத்தாங்க. எனக்கே தொழில் கத்துக்குடுத்தவங்க, இந்த வயசுல திரும்பக் காலேஜ்ல சேர்ந்து இந்த வழியா வருவீங்கன்னு நான் நினைக்கல. ஆனா அந்தக் குறிப்புல கையெழுத்துப் போட்டது நீங்கதானே, மேடம்?”