ஆறு அம்மாக்களின் பிள்ளை

“செவ்வாய்க்கிழமை அவன் எனக்கு. நீங்க எப்படி அவனைத் தொடலாம்?” என்றாள் தையல்காரி.

“நேத்து மழையில என்னால வர முடியல. இன்னிக்கு அரை நாளாவது விட்டுக்குடுங்க,” என்று கெஞ்சினார் ரிட்டயர்டான டீச்சர்.

சக்களத்திச் சண்டை என்று வேடிக்கை பார்க்க நின்ற இரண்டு பேர், இருவருக்கும் தலை நரைத்திருப்பதையும், நடுவில் ஆளுக்குப் பதில் ஒரு கல் கிடப்பதையும் பார்த்துவிட்டு நடையைக் கட்டினார்கள். கல்லில் ‘பெயர் தெரியாத வீரர்’ என்று செதுக்கியிருந்தது.

போர் முடிந்ததும் அடையாளம் தெரியாத ஓர் உடலை அந்தப் பூங்காவில் அடக்கம் செய்து, மந்திரி பேசி, எல்லோரும் கைதட்டி, வீட்டுக்குப் போய்விட்டார்கள். போன பிள்ளையும் திரும்பாமல், உடலும் கிடைக்காமல் இருந்த அம்மாக்கள் மட்டும் போகவில்லை. பெயர்தான் இல்லையே, என் பிள்ளையாகவும் இருக்கலாமே என்று ஆறு பேர் வந்து நின்றார்கள். குடுமிப்பிடிச் சண்டை தாங்காமல் காவலாளிதான் ஆளுக்கு ஒரு நாள் பிரித்துக் கொடுத்தார்.

“போன வாரம் இவங்க சோப்பு போட்டுத் தேய்ச்சிருக்காங்க. என் பையனுக்கு சோப்பே ஒத்துக்காது, உடம்பெல்லாம் தடிச்சுடும்,” என்றாள் தையல்காரி.

“பின்ன, அழுக்கோட படுத்துக் கிடக்கச் சொல்றீங்களா?”

“ரெண்டு பேரும் சும்மா இருங்கம்மா,” என்று காவலாளி அதட்டினார். “யார் பெத்த பிள்ளையோ, நமக்காகப் போய்ச் செத்தான். இப்பவாவது நிம்மதியா தூங்கவிடுங்க.”

அப்போதுதான் ஏழாவதாக ஒருத்தி தயங்கித் தயங்கி வந்தாள். கையில் புதிதாகப் பின்னிய ஸ்வெட்டர். பிஸ்கட் கம்பெனியில் வேலை, ஞாயிறு தவிர லீவே கிடையாது என்றாள்.

“அந்த ஒரு நாளை எனக்குக் குடுங்கய்யா. அவன்கிட்ட நிறைய பேசணும்.”

“ஞாயிறு மட்டும் கேக்காதீங்க.”

“அன்னிக்குத்தான் யாருமே வர்றதில்லையே,” என்று டீச்சர் பரிந்து பேசினார். சண்டையை மறந்து தையல்காரியும் சேர்ந்துகொண்டாள். “இவரு லீவு நாள்லகூட இஸ்திரி போட்ட சட்டையோட வந்து, கேட்டை உள்பக்கமா பூட்டிட்டு உக்காந்துக்கறாரு. வீட்டுக்காரம்மாவோட சண்டை போல.”

காவலாளி ஸ்வெட்டரை வாங்கி விரித்துப் பார்த்தார்.

“கை நீளம் பத்தாதும்மா,” என்றார். கொஞ்ச நேரம் அதைத் தடவிக்கொண்டே நின்றார். “சரி, ஞாயித்துக்கிழமை காலையில வாங்க. மத்தியானம் கிளம்பிடணும்.”

“ஏன்யா, முழு நாளும் குடுத்தா என்ன?”

“ஏழு நாளும் அம்மாங்களுக்கே போயிட்டா, அப்பன் நான் என்னிக்கு வர்றது?”