மூன்று நாள் தூசி

அச்சகத்தின் கண்ணாடிக் கதவு வழியே மாலை வெயில் நுழைந்து இருநூறு புத்தகங்களின் மேல் சாய்கிறது. அவளுடைய முதல் சிறுகதைத் தொகுப்பு. முதியோர் இல்லத்தில் படுக்கை விரிப்பு மாற்றிவிட்டு நேராக வந்தவள், ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு ஒன்றைப் பிரிக்கிறாள். 'அம்மாவுக்கு' என்றிருக்க வேண்டிய இடத்தில் 'அமமாவுககு' என்றிருக்கிறது. அடுத்த பக்கத்திலும் அதற்கடுத்த பக்கத்திலும் மருந்துக்குக்கூட ஒரு புள்ளி இல்லை. தமிழ் எழுத்து தன் கணினியில் உடைகிறது என்று தமிழ் தெரியாத அச்சக முதலாளி சொன்னதால், அவள் வீட்டிலேயே தாளில் அச்சிட்டுக் கொடுத்த பக்கங்கள் இவை.

"ஸ்கேன் பண்ணினா பக்கம் பூரா ஒரே தூசிம்மா," என்கிறார் அவர், தன் மொழியில். கண்கள் சிவந்திருக்கின்றன. "மூணு நாள் உட்கார்ந்து ஒண்ணு விடாம எடுத்தேன்." "சொல்லேன்," என்று கூட வந்த கணவன் முழங்கையால் இடிக்கிறான். மெய்யெழுத்துக்கு அவர் மொழியில் என்ன பெயர்? அவள் சொல்லைத் தேடுகிறாள். அவர் அட்டையை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கிறார். அவள் பெயரின் கடைசி எழுத்தின் மேல் ஒரே ஒரு புள்ளி மிஞ்சியிருக்கிறது. "அடடா, இது தப்பிச்சிருச்சே," என்று நகத்தால் பக்குவமாகச் சுரண்டி எடுத்துவிட்டு நீட்டுகிறார். அவர் மொழியில் அவளுக்குத் திக்காமல் வருவது ஒரே சொல்தான். அதைச் சொல்கிறாள்: நன்றி.